முந்நூறு ரூபாய் மீனுக்கு மருந்து எதற்கு?

கடல்மீன் தொட்டி வைத்திருப்பவர்கள் என்னைக் கூப்பிடுவது பெரும்பாலும் இரவு ஒன்பது மணிக்கு மேல்தான். வேலை முடிந்து, சாப்பிட்டுவிட்டு, தொட்டிக்கு முன்னால் உட்காரும்போதுதான் மீனின் துடுப்பில் ரவை தூவினாற்போல வெள்ளைப் புள்ளிகள் கண்ணில் படும். "அண்ணே, என்ன ஊத்தணும்?" என்பது முதல் கேள்வி. எதையும் அந்தத் தொட்டியில் ஊற்றக் கூடாது, மீன்களை வெளியே எடுத்து வேறு தொட்டியில் வைத்து வாரக்கணக்கில் வைத்தியம் பார்க்க வேண்டும், பெரிய தொட்டி இரண்டரை மாதம் மீனில்லாமல் கிடக்க வேண்டும் என்று சொன்னதும் போனில் கொஞ்ச நேரம் சத்தம் இருக்காது. பிறகு இரண்டாவது கேள்வி வரும்: "முந்நூறு ரூபா மீனுக்கு இவ்வளவு தேவையாண்ணே?"

தேவை என்பதே என் கட்சி. சென்னையில் வீடுகளிலும் பல் மருத்துவமனைகளிலும் ஹோட்டல் வரவேற்பறைகளிலும் கடல்நீர்த் தொட்டி அமைத்துக் கொடுத்துப் பராமரிப்பது என் பிழைப்பு. இந்தத் தொழிலில் செத்த மீனுக்குப் பதில் புது மீன் கொண்டுவந்து விடுவதில்தான் காசு இருக்கிறது. வைத்தியத்துக்குப் போய் வந்தால் பெட்ரோலுக்கே சரியாகிவிடும். ஆகவே வியாபாரத்துக்காகப் பேசுகிறேன் என்று யாரும் நினைக்க வேண்டியதில்லை.

புள்ளி போடும் இந்த நோய்க்குக் காரணம் கிரிப்டோகேரியன் இரிட்டன்ஸ் என்ற ஒற்றைச்செல் ஒட்டுண்ணி. 1951-இல் வைத்த பெயர். இறால் பண்ணைக்காரர்கள் பயப்படும் வெண்புள்ளி நோய் வேறு. அது வைரஸால் வருவது. நன்னீர்த் தொட்டியில் கோல்டுஃபிஷ்ஷுக்கு வரும் 'இக்' நோயின் கிருமியும் வேறுதான். ஆனால் பார்க்க ஒரே மாதிரி இருப்பதால், கடைக்காரர் அந்த நன்னீர் மருந்து பாட்டிலையே எடுத்துக் கொடுத்துவிடுவார். வாங்கிப் போகிறவரும் நம்பிக்கையோடு வாங்கிப் போவார்.

இந்த ஒட்டுண்ணி எப்படி வாழ்கிறது என்று தெரிந்துகொண்டால் பாதி வழக்கு தீர்ந்துவிடும். இது மீனின் தோலுக்கு மேலே உட்காருவதில்லை. மேல்தோலுக்கு அடியில் புகுந்து, அங்கேயுள்ள செல்களைத் தின்று கொழுக்கிறது. நாம் பார்க்கும் வெள்ளைப் புள்ளி அதன் உடம்பும் அதை மூடியிருக்கும் மீன்தோலும் சேர்ந்ததுதான். தோலில் தெரிவது கொஞ்சம். செவுளில் இருப்பது கண்ணுக்குத் தெரியாது, மீனைக் கொல்வது பெரும்பாலும் அதுதான். மூன்று முதல் ஏழு நாளில் வயிறு நிறைந்ததும் ஒட்டுண்ணி மீனை விட்டு உதிர்கிறது. மணலிலோ கல்லிலோ கண்ணாடியிலோ ஒட்டிக்கொண்டு தன்னைச் சுற்றிக் கூடு கட்டுகிறது. கூட்டுக்குள் ஒன்று இரண்டாகி, இரண்டு நான்காகி, இருநூறு வரை பெருகும். கூடு உடைந்ததும் அந்தக் குஞ்சுகள் நீந்திப் போய் மீனைத் தேடும். ஒரு நாள், மிஞ்சினால் இரண்டு நாளுக்குள் மீன் அகப்படாவிட்டால் செத்துப்போகும்.

கூடு எப்போது உடையும் என்பதில்தான் வம்பு. சில மூன்றாம் நாளே உடைகின்றன. பெரும்பாலானவை சில வாரங்களுக்குள் உடைந்துவிடும். ஆனால் ஆய்வொன்றில் 72 நாள் வரை பதிவாகியிருக்கிறது. உலகெங்கும் கடல்மீன் வளர்ப்பவர்கள் அதற்கு மேல் நான்கு நாள் சேர்த்து 76 என்று வைத்துக்கொண்டிருக்கிறார்கள். தொட்டியை இரண்டரை மாதம் மீனில்லாமல் போடு என்று நான் சொல்வது அந்தக் கணக்கில்தான்.

இதில் ஒரு பெரிய ஏமாற்று இருக்கிறது. திங்கட்கிழமை புள்ளி தெரிகிறது. செவ்வாய்க்கிழமை ஏதோ ஒன்றைச் செய்கிறீர்கள். வெள்ளிக்கிழமை மீன் பளிச்சென்று இருக்கிறது. நீங்கள் எதைச் செய்திருந்தாலும், ஒன்றுமே செய்யாமல் ஊருக்குப் போயிருந்தாலும், வெள்ளிக்கிழமை அது பளிச்சென்றுதான் இருந்திருக்கும். ஒட்டுண்ணி சாப்பிட்டு முடித்துவிட்டு இறங்கிப் போயிருக்கிறது, அவ்வளவே. அடுத்த முறை ஏறும்போது இருநூறு மடங்காக வரும். நடுவில் கிடைக்கும் அந்தச் சில நல்ல நாட்களை வைத்துத்தான் இந்தத் துறையின் அத்தனை கைவைத்தியமும் பிழைக்கிறது. பூண்டுச் சாற்றில் ஊறவைத்த தீனி, வெந்நீர் போல் தண்ணீரைச் சூடாக்குவது, 'ரீஃப் சேஃப்' என்று எழுதிய வெளிநாட்டு பாட்டில், எல்லாவற்றுக்கும் சாட்சி சொல்ல ஆள் கிடைக்கும். பொய் சொல்லவில்லை, அவர்கள் தொட்டியில் புள்ளி உண்மையிலேயே மறைந்திருக்கிறது. அந்த 'ரீஃப் சேஃப்' பாட்டிலைப் பற்றி ஒரு வார்த்தை: இறாலுக்கும் நத்தைக்கும் துளிக்கூடத் தீங்கு செய்யாத ஒன்று இந்த ஒட்டுண்ணியை மட்டும் தேடிப் பிடித்துக் கொல்லும் என்று நம்ப எனக்கு இதுவரை காரணம் கிடைக்கவில்லை.

துப்புரவு மீன் வாங்கி விடச் சொல்பவர்களும் உண்டு. நீலக் கோடு போட்ட அந்தச் சின்ன மீன் மற்ற மீன்களின் உடம்பைக் கொத்திச் சுத்தம் செய்வதைப் பார்க்க அழகுதான். ஆஸ்திரேலியாவின் லிசர்ட் தீவில் அலெக்ஸாண்ட்ரா க்ரட்டர் என்ற ஆய்வாளர் 1990-களில் கணக்கெடுத்தபோது, ஒரு துப்புரவு மீன் நாளொன்றுக்கு ஏறத்தாழ 1,200 ஒட்டுண்ணிகளைத் தின்பதாகத் தெரிந்தது. ஆனால் அவை மீனின் உடம்பில் வெளியே ஒட்டியிருக்கும் குட்டி ஓட்டுடலிகள். தோலுக்கு அடியில் புகுந்ததை அது எப்படிக் கொத்தும்? அதோடு, கடலில் 1,200 தின்று பழகியதைக் கொண்டுவந்து ஆறு மீன் உள்ள தொட்டியில் விட்டால் பெரும்பாலும் பட்டினியில் போய்விடும். ஒரு மீனின் நோயைத் தீர்க்க இன்னொரு மீனைச் சாகக் கொடுப்பதை எந்தக் கணக்கில் சேர்ப்பது என்று எனக்குத் தெரியவில்லை.

சரி, கடலில் யார் மருந்து போடுகிறார்கள் என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். நல்ல கேள்வி. கடலிலும் இந்த ஒட்டுண்ணி இருக்கிறது. ஆஸ்திரேலியாவின் மோர்ட்டன் விரிகுடாவில் பிடித்த பல வகை மீன்களில் இது இருந்தது. ஆனால் மீனுக்குச் சில என்ற அளவில்தான். காரணம் எளிது. இந்த ஒட்டுண்ணி பெரும்பாலும் இருட்டில்தான் மீனை விட்டு இறங்குகிறது, குஞ்சுகளும் இருட்டில்தான் கூட்டை விட்டு வெளிவருகின்றன. மீன் அசையாமல் தூங்கும் நேரம் பார்த்து வருகின்றன. கடலில் நீரோட்டம் இருக்கிறது, ஆழம் இருக்கிறது, கூடு உடையும்போது மீன் வேறெங்கோ போயிருக்கும். இருநூறில் ஒன்றிரண்டு இடம் சேர்ந்தால் பெரிது. நம் வீட்டுத் தொட்டியில் மீன் தினமும் ஒரே கல் பொந்தில் தூங்குகிறது. அந்தப் பொந்தின் சுவரிலேயே கூடு ஒட்டியிருக்கிறது. ஐந்நூறு லிட்டர் தண்ணீரில் அது ஓடிப்போக இடமில்லை. ஒட்டுண்ணியை நான் குறை சொல்லவில்லை. அதற்கு இந்த வசதியைச் செய்து கொடுத்தது கண்ணாடி. கண்ணாடியை வாங்கி வைத்தவர் "இயற்கை பார்த்துக்கொள்ளும்" என்று சொல்லும்போதுதான் எனக்குக் கோபம் வருகிறது. எந்த இயற்கை? மோட்டாரும் விளக்கும் சில்லரும் மின்சார வாரியத்தின் தயவில் ஓடுகிற இயற்கையா?

வைத்தியம் வேண்டாம் என்பவர்களில் விவரம் தெரிந்த ஒரு பிரிவும் உண்டு; அவர்களை நான் லேசாக எடுத்துக்கொள்வதில்லை. நல்ல தீனி கொடு, தண்ணீரைச் சுத்தமாக வை, மீன்களைச் சண்டையில்லாமல் வை, மீனின் எதிர்ப்புச் சக்தி ஒட்டுண்ணியை அடக்கி வைக்கும் என்பது அவர்கள் வாதம். ஆதாரம் இல்லாத பேச்சல்ல. பர்கெஸ், மேத்யூஸ் என்ற இரு ஆய்வாளர்கள் 1990-களில் மடவை இன மீன்களை வைத்துச் சோதித்தபோது, நோய் வந்து பிழைத்த மீன்களுக்கு ஆறு மாதம் வரை எதிர்ப்புச் சக்தி நிலைத்தது தெரியவந்தது. இன்னொரு வேடிக்கையும் அவர்கள் கண்டார்கள்: வெளியிலிருந்து புது வரவு இல்லாமல் ஒரே வம்சத்தை மீன்மேல் வளர்த்துக்கொண்டே போனால், முப்பது சொச்சம் தலைமுறையில், அதாவது பத்துப் பதினொரு மாதத்தில், ஒட்டுண்ணியே நலிந்து தொற்றும் திறனை இழந்துவிடுகிறது. அதற்கும் முதுமை உண்டு.

ஆனால் புது வரவே இல்லாத தொட்டியை நான் எங்கே பார்க்கிறேன்? தீபாவளி போனஸ் வந்தால் ஒரு மீன், பிள்ளை பரீட்சையில் தேறினால் ஒரு மீன். பழைய மீன்கள் எதிர்ப்புச் சக்தியோடு மினுமினுவென்று நீந்திக்கொண்டிருக்கும். அவற்றின் செவுளில் இரண்டு மூன்று ஒட்டுண்ணிகள் குடித்தனம் நடத்திக்கொண்டிருக்கும். புதிதாக விட்ட 'டோரி' பத்தே நாளில் புள்ளி மூடிச் செத்துப்போகும். டோரி என்று எல்லோரும் கூப்பிடும் அந்த நீல மீனுக்கு இந்த நோய் ரொம்பச் சுலபமாகப் பிடிக்கும். "அந்த மீனே வீக்கு, கடைக்காரன் ஏமாத்திட்டான்" என்று முடித்துவிடுவார்கள். தாங்கும் மீனைக் காட்டித் தாங்காத மீனின் கதையை மறைப்பதற்கு வைத்தியமின்மை என்று பெயர் வைத்தால் ஒப்புக்கொள்வேன்; வைத்தியம் என்று பெயர் வைத்தால் மாட்டேன்.

பொறுத்துப் பார்க்கலாம் என்ற யோசனைக்கு இதைவிடப் பெரிய எதிரி ஒன்று உண்டு. அமைலோடினியம் என்ற இன்னொரு ஒட்டுண்ணி. வளர்ப்பவர்கள் 'வெல்வெட்' என்பார்கள். புள்ளிகள் இன்னும் நுணுக்கமாக, மாவு படிந்தாற்போல இருக்கும். பல நேரம் புள்ளியே தெரியாது. மீன் மேலே வந்து வேகமாக மூச்சு வாங்கும், வெளிச்சத்துக்கு ஒதுங்கும், தீனியைத் தொடாது. இரண்டு மூன்று நாளில் தொட்டியே காலியாகும். கோமாளி மீன்களுக்கு வரும் புரூக்லினெல்லாவும் அதே வேகம்தான். நியூயார்க்கின் புரூக்லின் பகுதியில் உள்ள மீன்காட்சியகத்தின் மீன்களில் கண்டுபிடித்ததால் அந்தப் பெயர். இவற்றில் எது வந்திருக்கிறது என்பதை வெறும் கண்ணால் அடித்துச் சொல்ல முடியாது. மீனின் மேல் இருக்கும் கோழையை மெல்ல வழித்து நுண்ணோக்கியில் பார்க்க வேண்டும். பள்ளிக்கூட ஆய்வகத்துக்கு வாங்குகிற சாதாரண நுண்ணோக்கி போதும். அது இல்லாமல், போனில் அனுப்பிய மங்கலான படத்தைப் பார்த்து "புள்ளி நோய்தான், விட்ருங்க, சரியாயிடும்" என்று ஆலோசனை சொல்பவர், அது வெல்வெட்டாக இருந்தால் காலையில் அந்த வீட்டுக்கு என்ன பதில் சொல்வார்?

மீனுக்கு வலிக்குமா என்ற கேள்விக்கும் வருகிறேன். 2003-இல் லின் ஸ்நெடன் என்ற பிரிட்டிஷ் ஆய்வாளர் டிரவுட் மீன்களின் உதட்டில் அமிலத்தைச் செலுத்திப் பார்த்தார். அவை தரையில் கிடந்த சரளையிலும் தொட்டிச் சுவரிலும் உதட்டைத் தேய்த்தன, தீனிக்கு வர நெடுநேரம் ஆயிற்று. பிரையன் கீ போன்ற நரம்பியலாளர்கள் இதை மறுக்கிறார்கள். வலியை உணர்வதற்கான மூளைப் பகுதியே மீனுக்கு இல்லை, இது வெறும் அனிச்சைச் செயல் என்கிறார்கள். அறிஞர்கள் வழக்காடட்டும். ஒட்டுண்ணி ஏறிய மீன் பாறையில் சரக்கென்று உரசி, திரும்பி வந்து மறுபடி உரசுவதை நான் வாரந்தோறும் பார்க்கிறேன். ஒரு குழந்தை அதைப் பார்த்து "விளையாடுது" என்று கை தட்டும். அதற்கு என்ன சொல்வதென்று பெற்றோருக்கும் தெரியாது. அந்த மீனுக்கு நேர்வது வலியா அரிப்பா வேறெதுவுமா என்று தீர்ப்பு வரும்வரை வைத்தியத்தைத் தள்ளிப்போட எனக்கு மனமில்லை.

இப்போது அந்த முந்நூறு ரூபாய். டாம்சல் மீன் ஒன்றுக்கு ஏறத்தாழ அந்த விலைதான் நம் ஊரில். அந்த விலை எதற்கு? யாரோ ஒருவர் மூழ்கி வலை போட்டுப் பிடித்ததற்கு, பாலித்தீன் பைக்கு, ஆக்சிஜனுக்கு, விமானச் சரக்குக்கு, இடையில் நின்ற நான்கு பேரின் லாபத்துக்கு. கடலில் அது வளர்ந்ததற்கு யாரும் காசு வாங்கவில்லை. கடல் வண்ண மீன்களில் பெரும்பாலான வகைகளை இன்றும் கடலிலிருந்துதான் பிடித்து வருகிறார்கள். பிலிப்பைன்ஸ், இந்தோனேசியா பக்கம் சயனைடு பீய்ச்சி மீனை மயக்கிப் பிடிக்கும் வழக்கம் இன்னும் ஒழிந்தபாடில்லை. பிழைத்து வந்த மீன், வழியில் செத்த மீன்களின் விலையையும் தன் தலையில் சுமந்துகொண்டுதான் நம் தொட்டிக்கு வருகிறது. கோமாளி மீன் ஒழுங்காகப் பார்த்துக்கொண்டால் தொட்டியில் இருபது ஆண்டு கூட வாழும். அதைப் பதினைந்து நாளில் சாகவிட்டு, "இன்னொண்ணு கொண்டாங்க" என்பதைச் சிக்கனம் என்று எப்படிச் சொல்வது? ஆண்டு முழுவதும் அப்படி வாங்கிய மீன்களின் விலையைக் கூட்டிப் பார்த்தால் வைத்தியத் தொட்டி இரண்டு வாங்கியிருக்கலாம்.

வைத்தியம் பார் என்று சொல்பவன் எந்த வைத்தியம் என்றும் சொல்ல வேண்டும். பழைய வழி தாமிரம். சான் பிரான்சிஸ்கோவின் ஸ்டைன்ஹார்ட் மீன்காட்சியகத்தில் இருந்த ராபர்ட் டெம்ப்ஸ்டர், வெல்வெட் வகை ஒட்டுண்ணிக்குத் தாமிர சல்பேட் வேலை செய்வதை 1955-இல் எழுதினார். இன்றுவரை அதுதான் இந்தத் துறையின் முதுகெலும்பு. மீன்மேல் உள்ள ஒட்டுண்ணியைத் தாமிரம் தொடாது; நீந்திவரும் குஞ்சுகளைத்தான் கொல்லும். அதனால்தான் வாரக்கணக்கில் விடாமல் வைத்திருக்க வேண்டியிருக்கிறது. வேலை செய்யும் அளவு மிகக் குறுகியது: லிட்டருக்கு 0.15 முதல் 0.20 மில்லிகிராம். கொஞ்சம் குறைந்தால் ஒட்டுண்ணி பிழைக்கும், கொஞ்சம் கூடினால் மீன் சாகும். இது சாதாரண தாமிரத்துக்கு. மெதுவாக வெளிவிடும் தாமிரக் கலவைகளுக்கு அளவு முற்றிலும் வேறு. டெஸ்ட் கிட் இல்லாமல் தாமிரம் போடுவதை நான் வைத்தியக் கணக்கில் சேர்ப்பதில்லை.

தாமிரத்தைப் பெரிய தொட்டியில் ஊற்றினால் நத்தை, இறால், பவளம் எல்லாம் போய்விடும். கல்லும் மணலும் சுண்ணாம்பு என்பதால் தாமிரத்தை உறிஞ்சி வைத்துக்கொள்ளும், அளவும் நிற்காது. பவளம் என்றதும் ஒன்று நினைவுக்கு வருகிறது. மன்னார் வளைகுடாக் கல், ராமேசுவரத்துக் கல் என்று ரகசியமாக விற்க வருபவர்கள் இன்னும் இருக்கிறார்கள். 2001 முதல் நம் பவளங்கள் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில், புலியோடு சமமாக இருக்கின்றன. அந்தக் கல் இருக்கும் தொட்டிக்கு என்னைக் கூப்பிட வேண்டாம்.

குளோரோகுயின் இன்னொரு மருந்து. நம் மலேரியா மாத்திரைதான். பல மீன்களுக்குத் தாமிரத்தைவிட இதமானது. 2020 மார்ச்சில், கொரோனாவுக்கு இது மருந்து என்ற பேச்சு கிளம்பியபோது, அமெரிக்காவின் அரிசோனாவில் மீன் தொட்டிக்கு வைத்திருந்த குளோரோகுயினைச் சாப்பிட்டு ஒருவர் இறந்தார். மீன் மருந்தைப் பற்றி உலகப் பத்திரிகைகள் எல்லாம் எழுதிய ஒரே வாரம் அதுதான். எந்த மருந்தாக இருந்தாலும் பெயர், தேதி எழுதி, பிள்ளைகள் கைக்கு எட்டாமல் பூட்டி வைக்கச் சொல்லுவேன்.

மருந்தே இல்லாத வழிகளும் இருக்கின்றன. என் மனதுக்குப் பிடித்தவை அவைதான். கடல்மீனின் ரத்தத்தில் உப்பு, கடல்நீரில் இருப்பதில் மூன்றில் ஒரு பங்குதான். ஆகவே தண்ணீரின் உப்பை மெல்ல மெல்லப் பாதிக்கும் கீழே இறக்கினாலும் பெரும்பாலான மீன்கள் தாங்கும். ஒட்டுண்ணி தாங்காமல் வெடிக்கும். தைவானில் குறைந்த உப்பிலும் வாழும் வகை கண்டறியப்பட்டிருக்கிறது, ஆகையால் இது முழு உத்தரவாதம் இல்லை. வெல்வெட்டுக்கு இது பலிக்கவே பலிக்காது.

இன்னொன்று இடம் மாற்றுவது. ஒட்டுண்ணி ஏழு நாளுக்கு மேல் மீனில் தங்காது. இறங்கிய பின் மூன்று நாளுக்குள் பெரும்பாலும் கூடு உடையாது. இந்த இரண்டு கணக்கையும் சேர்த்துப் பாருங்கள். மீனை ஒரு பிளாஸ்டிக் டப்பில் போட்டு, மூன்று நாள் ஆவதற்குள் புதுத் தண்ணீர் நிரப்பிய இன்னொரு டப்புக்கு மாற்றினால், இறங்கியவை எல்லாம் பழைய டப்பிலேயே கிடக்கும். அந்த டப்பைக் கழுவி வெயிலில் காயப்போட்டால் முடிந்தது. இப்படி நான்கைந்து முறை மாற்றினால் இரண்டு வாரத்தில் மீன் சுத்தம். வலையையும் ஏர் ஸ்டோனையும் பழைய டப்போடு விட்டுவிட வேண்டும். அவற்றைத் தூக்கிக்கொண்டு போனால் ஒட்டுண்ணியும் கூடவே போகும். செலவு உப்புத் தண்ணீருக்குத்தான். இதுவும் வெல்வெட்டுக்கு நம்பத்தக்கதல்ல. அங்கே தாமிரத்தைத் தவிர வழி குறைவு.

வைத்தியம் பார்க்கக் கூடாத கட்டமும் ஒன்று உண்டு. பக்கவாட்டில் சாய்ந்து கிடந்து, செவுள் மட்டும் அடித்துக்கொண்டிருக்கும் மீனைத் தாமிரத்தில் போடுவது அதை இன்னொரு நாள் வதைப்பதுதான். அப்போது கிராம்பு எண்ணெயைக் கொஞ்சம் வெந்நீரில் குலுக்கித் தொட்டித் தண்ணீரில் கலந்து, மீனை அதில் விட்டால் முதலில் மயங்கும். அளவைக் கூட்டி அப்படியே விட்டால் எழாது. கழிப்பறையில் உயிரோடு ஊற்றுவதைவிட இது எவ்வளவோ மேல். இதைச் சொன்னால் சில வீடுகளில் என்னைக் கசாப்புக்காரனைப் பார்ப்பது போல் பார்க்கிறார்கள். அதே வீட்டில் ஞாயிற்றுக்கிழமை வஞ்சிரம் வறுவல். இருக்கட்டும்.

கடைகளைப் பற்றிப் பேசாமல் இதை முடிக்க முடியாது. பல கடைகளின் கடல்நீர்த் தொட்டிகளில் எப்போதும் கொஞ்சம் தாமிரம் ஓடிக்கொண்டிருக்கும். ஒட்டுண்ணியைக் கொல்லப் போதாது, அமுக்கி வைக்கப் போதும். அங்கே இருக்கும்வரை மீன் கண்ணாடி போல் இருக்கும். வீட்டுக்கு வந்த இரண்டாம் வாரம் வெடிக்கும். வாங்கியவர் தண்ணீரைச் சந்தேகிப்பார், மனைவி கொசுவத்திச் சுருளைச் சந்தேகிப்பார், வாஸ்துக்காரர் தொட்டி வைத்த மூலையைச் சந்தேகிப்பார்.

1960-ஆம் ஆண்டின் விலங்கு வதைத் தடுப்புச் சட்டத்தில் விலங்கு என்றால் மனிதனைத் தவிர்த்த எந்த உயிரும்தான்; மீனும் அதில் அடக்கம். 2017-இல் மத்திய அரசு வண்ணமீன் கடைகளுக்கென்றே விதிகளை அறிவித்தது. விற்கக் கூடாத 158 வகைகளின் பட்டியல் அதில் இருந்தது; சென்னையில் வண்ணமீன் வியாபாரம் நடக்கும் கொளத்தூர் வரை எதிர்ப்பு கிளம்பியது. பேச்சு முழுக்க அந்தப் பட்டியலைச் சுற்றியே போனதில், விற்கிற மீனை எத்தனை நாள் தனியே வைத்துப் பார்த்துவிட்டு விற்க வேண்டும் என்ற கேள்வி யார் காதிலும் ஏறவில்லை. பட்டியலைவிட எனக்கு அதுதான் முக்கியம். பெரிய சட்டம்கூட வேண்டாம். ஒவ்வொரு தொட்டியின் மேலும் மீன் வந்த தேதியையும், தண்ணீரில் மருந்து இருந்தால் அதன் பெயரையும் ஒரு ஸ்டிக்கரில் எழுதி ஒட்டட்டும். நேற்று விமானத்தில் வந்த மீனை இன்று வாங்குகிறோம் என்று தெரிந்தால், வாங்குகிறவரே இரண்டு வாரம் பொறுத்து வருவார். தனியே வைத்துத் தேற்றிய மீனுக்கு இருநூறு ரூபாய் கூடக் கேட்டால் கொடுக்க என் வாடிக்கையாளர்களில் பாதிப் பேர் தயார். மண்டபத்திலும் விழிஞ்ஞத்திலும் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனம் கோமாளி மீன்களைக் குஞ்சு பொரிக்க வைத்துப் பல ஆண்டுகள் ஆகின்றன; அப்படித் தொட்டியிலேயே பிறந்த மீன்களைக் கேட்டு வாங்குவதும் ஒரு வழி. கடல் மீனைவிட இவை தொட்டி வாழ்க்கைக்குப் பழகியவை, தீனிக்கும் உடனே வரும். வண்ண வகைகள் குறைவு என்று முகம் சுளிப்பவர்கள் உண்டு. கோமாளி மீனின் ஆரஞ்சு போதாதவர்களுக்கு என்ன வண்ணம் வேண்டுமோ.

மீன்காட்சியகங்கள் இதையெல்லாம் வழக்கமாகச் செய்கின்றன. புது மீன் வந்தால் பார்வையாளர் கண்ணில் படாத பின்கட்டில் வாரக்கணக்கில் வைத்துப் பார்த்துவிட்டுத்தான் முன்னால் கொண்டுவருவார்கள். வீட்டுத் தொட்டிக்காரர் மட்டும், கடையிலிருந்து பையைக் கொண்டுவந்து அரைமணி நேரம் மிதக்கவிட்டு, அப்படியே கவிழ்த்துவிடுகிறார். இடமில்லை என்பார்கள். இரண்டு படுக்கையறை வீட்டில் ஆறடித் தொட்டிக்கு இடம் கண்டுபிடித்தவர்கள் சொல்லும் காரணம் அது.

இப்போதெல்லாம் புது வாடிக்கையாளர் வந்தால் தொட்டி எத்தனை அடி, எவ்வளவு செலவு என்று பேசுவதற்கு முன்பே, இரண்டு டப் வைக்க இடம் எங்கே என்று கேட்டுவிடுகிறேன். மாடிப்படிக்கு அடியில் வைக்கலாமா என்பார்கள். தாராளமாக. பக்கத்தில் ஒரு பிளக் பாயின்ட் வேண்டும், ஏர் பம்புக்கு. டப் இரண்டையும் முதலில் வாங்கி வைத்துவிட்டுக் கூப்பிடச் சொல்கிறேன். கண்ணாடியை அதற்குப் பிறகு அளக்கலாம்.